பிரேக் ஆயில்: சொட்டும் செலவும்

20 சொட்டு ஏறக்குறைய 1 மி.லி. பழைய காரின் பின்சக்கர வீல் சிலிண்டரிலிருந்து 10 நிமிடத்துக்கு 1 சொட்டு கசிந்தால் நாளொன்றுக்கு 144 சொட்டு, அதாவது 7.2 மி.லி.; 30 நாளில் 216 மி.லி. சிறிய காரின் பிரேக் அமைப்பு முழுவதும் கொள்வது சுமார் 500 மி.லி. அதில் 43% ஒரே மாதத்தில் போய்விடும். தொடக்கத்தில் தரையில் ஈரம்கூடத் தெரியாது. டிரம்முக்குள் லைனிங்தான் ஊறிக்கொண்டிருக்கும்.

குறையக் குறைய ஊற்றி ஓட்டுவது பலரின் வழக்கம். ஒருமுறை மறந்து ஆயில் டேங்க் வற்றினால் குழாயில் ஏர் ஏறும். அதன் விளைவைக் கணக்கிடலாம். பெடல் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள்விட்டம் 19.05 மி.மீ. என்றால் பிஸ்டன் பரப்பு 285 சதுர மி.மீ. பெடலை 300 நியூட்டன் விசையில் மிதித்து, நெம்புகோல் அதை 5 மடங்காக்கினால் 1,500 நியூட்டன்; குழாயில் அழுத்தம் சுமார் 53 பார். அந்த அழுத்தத்தில் 2 மி.லி. காற்று 0.04 மி.லி.யாகச் சுருங்கும். மீதி 1.96 மி.லி.யை ஈடுகட்ட பிஸ்டன் 6.9 மி.மீ. கூடுதலாக நகர வேண்டும். பெடலில் அது 34 மி.மீ. அரை தேக்கரண்டிக்கும் குறைவான காற்றுக்கு இவ்வளவு ஆழம்.

கசியாத ஆயிலும் கெடும். டாட் 3 வகை ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், 3.7% ஈரம் ஏறிய நிலையில் 140. டாட் 4-க்கு 230, 155. இரண்டிலும் இழப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 500 மி.லி.யில் 3.7% என்பது 18.5 மி.லி. தண்ணீர்தான்.

ஆயிலைச் சூடாக்குவது பிரேக்கே. 1,000 கிலோ கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 139 கிலோஜூல் வெப்பமாக மாற வேண்டும், 80 கி.மீ. என்றால் 247, அதாவது 78% அதிகம். 1,000 மீட்டர் மலையிறக்கத்தில் சேரும் ஆற்றல் 9,810 கிலோஜூல்: 60 கி.மீ.யிலிருந்து ஏறக்குறைய 70 முறை நிறுத்துவதற்குச் சமம். 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலைச் சாலையில் இறங்குபவர் கியரைக் குறைத்து எஞ்சினிடம் ஒரு பகுதியை விட்டாலும், மிச்சத்தைப் பிரேக்தான் தாங்க வேண்டும். ஆயில் கொதித்தால் வரும் ஆவியும் பெடலைக் காற்றைப் போலவே ஏமாற்றும்.

பழுதுபார்ப்பில் கணக்கு விரிவது இப்படி: கசிவது 1 ரப்பர் வாஷர். சிலிண்டர் உள்ளே துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் புதிய ரப்பர் கிட்டும் சீக்கிரம் கிழியும். முழு சிலிண்டரையே மாற்ற வேண்டும். வயதில் இணையான மறுபக்கத்தையும் சேர்த்தால் சிலிண்டர் 2. ஆயில் ஊறிய லைனிங் தேறாது. பிரேக் ஒரு பக்கம் இழுக்காமலிருக்க இரு சக்கரத்துக்கும் போட்டால் லைனிங் 4. ஆக 1 வாஷருக்கு 6 பாகங்கள். பிறகு 4 சக்கரத்திலும் ஏர் எடுக்க வேண்டும். ஏர் எடுக்கும் துருவேறிய நிப்பிள் ஸ்பேனரில் முறிந்தால் அந்தச் சக்கரத்துக்கும் புது சிலிண்டர் தேட நேரும். உரிமையாளரின் சலிப்பு நியாயமானது.

பாகங்களின் விலையில் ஓர் ஆறுதல் உண்டு. வாகன உதிரிபாக ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28%-லிருந்து 18% ஆனது: வரிக்கு முன் ₹1,000 விலையுள்ள பாகத்துக்கு ₹100 மிச்சம். அதற்கு முந்தைய மாதம், 20 ஆண்டு கடந்த கார்களின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் ₹5,000-லிருந்து ₹10,000 ஆகியிருந்தது. கூடிய ₹5,000-ஐ வரிக்குறைப்பில் மீட்க ₹50,000-க்குப் பாகம் வாங்க வேண்டும். சிறிய காரின் பிரேக் வேலை அந்தத் தொகைக்குப் பக்கத்திலும் வராது.