கூடிப் பேசிய கடற் சரித்திரம்

நிலத்திலே மன்னன் கட்டிய கோட்டை இடிந்தாலும் அதன் கற்கள் கிடக்கின்றன. உழவன் போட்ட வரப்பு அழிந்தாலும் வயலின் பெயர் நிலைக்கின்றது. கடலிலோ, கப்பல் கிழித்துச் சென்ற கோடு அதன் பின்னாலேயே மூடிக்கொள்கின்றது. ஆதலால், கடலில் நிகழ்ந்தவற்றை அறிய விரும்புவோன் கரையிலேதான் தேட வேண்டியவனாகின்றான். சுங்கக்காரனின் பதிவேடு, வணிகனின் கடிதம், கடற்படையின் ஆட்பெயர்ப் புத்தகம், துறைமுகத்தில் நாட்டிய கல் ஆகியவையே அவனுக்குச் சான்றுகள். இவை ஒரே நாட்டிலோ ஒரே மொழியிலோ கிடப்பன அல்ல. ஒரு துறையில் ஏற்றிய சரக்கின் கணக்கு அங்கும், இறக்கிய கணக்கு ஆயிரங்காத தூரத்திற்கு அப்பாலும் இருக்கும். ஆகவே, கடற் சரித்திரம் பலர் கூடிப் பேசி எழுத வேண்டிய சரித்திரமாகும்.

இவ்வுண்மையை எனக்கு உணர்த்தியவை, நூலகமொன்றின் மூலையிலே தூசி படிந்து கிடந்த சில பிரெஞ்சுத் தொகுதிகள். பிரெஞ்சு மொழி எனக்கு அகராதியின் துணையோடு மட்டுமே கதவைத் திறப்பது. ஆயினும், அத்தொகுதிகள் என்னை விடவில்லை. கட்டுரைகளோடு நில்லாமல், அவற்றை ஒட்டி அறிஞர்கள் எழுப்பிய ஐயங்களும் விடைகளும் அவற்றில் அச்சேறியிருந்தன.

அக்கூட்டங்களின் தலைமகன் பேராசிரியர் மிசேல் மொல்லா. பிரான்சின் நோர்மண்டிக் கரையோர வணிகத்தை ஆராய்ந்து 1952இல் பெருநூல் வெளியிட்டவர் அவர். 1956ஆம் ஆண்டு மே மாதத்தில், பாரிஸ் மாநகரின் கடற்றுறைக் கழகத்தில் முதலாவது கூட்டத்தைக் கூட்டினார். 1752இல் பிரெஸ்ற் துறைமுகத்தில் தோன்றி, பிரெஞ்சுப் புரட்சியில் மறைந்து, 1921இல் மீண்டும் உயிர்பெற்ற கழகம் அது. 1959 வரை ஆண்டு தவறாமல் நான்கு முறை பாரிசிலே கூடினார்கள். முதலாண்டு 15ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரையுள்ள கப்பலும் கடல் வணிகமும். அடுத்த ஆண்டு மத்தியதரைக் கடல். மூன்றாம் ஆண்டு வட ஐரோப்பா. நான்காம் ஆண்டு ஐரோப்பியக் கடற் சரித்திரத்தின் மூலச் சான்றுகள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, சென்ற ஆண்டு நின்ற இடத்திலிருந்து மேலே சென்ற முறையைக் காண்க.

முதற் கூட்டத்தில் போல் ஜில் என்பார் எடுத்துக்கொண்ட பொருள் ஒன்றைச் சொன்னால், கூடிப் பேசுதலின் பயன் விளங்கும். பழைய ஏடுகளில் ‘நூறு தொன் கப்பல்’ என்று எழுதியிருக்கும். தொன் என்பது என்ன? நாம் நிறை என்று எண்ணுகின்றோம். அச்சொல்லின் பிறப்பிடமோ மதுப் பீப்பாய். போர்தோ நகரத்து முந்திரிகை மது நான்கு பீப்பாய் சேர்ந்தால் ஒரு தொன். ஏறக்குறைய 900 லீற்றர். ஆனால், உருண்டைப் பீப்பாய்களை அடுக்கும்போது இடையிலே இடம் வீணாகும். ஆகவே, அந்த நான்கு பீப்பாய்க்குக் கப்பலின் வயிற்றில் வேண்டிய இடம் அதிகம். 1681ஆம் ஆண்டுப் பிரெஞ்சுக் கடற்சட்டம் ஒரு தொன்னுக்கு 42 கன அடி என்று வரையறுத்தது. இன்றைய அளவில் 1.44 கன மீற்றர். அதற்கு முன் துறைக்குத் துறை வழக்கு வேறுபட்டது. ஒரு துறைமுகத்தின் நூறு தொன்னை இன்னொரு துறைமுகத்தின் நூறு தொன்னோடு கூட்டி, ‘இத்துணைப் பெரிய வணிகம்’ என்று எழுதுபவன், படியையும் மரைக்காலையும் ஒன்றாக எண்ணிக் கூட்டுபவனுக்கு ஒப்பாவான். இவ்வழுவைத் தன் அறைக்குள்ளிருக்கும் தனியறிஞன் எளிதில் காணமாட்டான். அடுத்த ஊர் ஏட்டைப் படித்தவன் எதிரே இருந்து மறுத்தால் காண்பான்.

மற்றோர் எடுத்துக்காட்டு: வட ஐரோப்பாவின் கடலைப் பேசும் எவரும் டென்மார்க்கின் சுங்கப் பதிவேடுகளைத் தவிர்க்க முடியாது. போல்ரிக் கடலின் வாயிலில், இடுங்கிய நீரிணையிலே டேனிய மன்னன் கப்பல்தோறும் ஆயம் கொண்டான். எஞ்சியுள்ள ஏடுகளில் முதலாவது 1497ஆம் ஆண்டுக்குரியது. 1857இல் அந்த ஆயம் ஒழிந்தது. கப்பற்றலைவன் ஆயத்துக்கு அஞ்சிச் சரக்கின் விலையைக் குறைத்துச் சொல்வானன்றோ? அதற்கு மன்னன் கண்ட உபாயம் சுவையானது. நீ சொன்ன விலைக்கே உன் சரக்கை நான் வாங்கிக்கொள்வேன் என்ற உரிமையை அவன் தன் கையில் வைத்திருந்தான். குறைத்துச் சொன்னால் சரக்குப் போகும்; கூட்டிச் சொன்னால் ஆயம் ஏறும். ஏட்டிலுள்ள எண்ணைப் படிப்பவன், அதை எழுதுவித்த மனிதர்களின் அச்சத்தையும் சூழ்ச்சியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1960இல் ஸ்ரொக்கோமில் உலகச் சரித்திர மாநாடு நடந்தபோது, கடற் சரித்திரத்துக்கெனச் சர்வதேச ஆணைக்குழு ஒன்று அமைந்தது. கடற்படைச் சரித்திரமும் மெல்ல மெல்ல மாறிற்று. முன்னர் அது கடற்படை அதிகாரிகளுக்குப் பாடம் புகட்டும் போர்க்கதையாகவே பெரும்பாலும் இருந்தது. 1893இல் இங்கிலாந்தில் கடற்படைப் பதிவேட்டுச் சங்கம் தோன்றியது. அதை நிறுவியவர்களுள் ஒருவரான ஜோன் நொக்ஸ் லோற்றன், கதையைவிட்டு மூல ஏடுகளை அச்சிடத் தொடங்கினார். அவ்வழி வந்தோர், தளபதியின் கட்டளைக்கு அப்பால் மாலுமியின் உணவையும் கூலியையும் நோயையும் தேடலாயினர். 18ஆம் நூற்றாண்டுப் பிரித்தானியப் போர்க்கப்பலின் உள்வாழ்வைக் காட்டி என்.ஏ.எம். ரொட்ஜர் எழுதிய நூல் 1986இல் வெளிவந்தது. வட அமெரிக்காவில் 1974இல் தோன்றிய சமுத்திர சரித்திரச் சங்கம் ஆண்டுக் கூட்டம் நடத்துவது. பிரித்தானியக் கடற் சரித்திர ஆணைக்குழுவோ புதிய ஆராய்ச்சியாளருக்கென்றே ஆண்டுக்கூட்டம் நடத்துகின்றது. பேராசிரியர் முன் இளைஞன் நின்று பேசுகின்றான். பிழையிருந்தால் அங்கேயே திருத்தப்படுகின்றான்.

மொல்லாவின் கூட்டங்கள் 1962இல் நம் கடலை நாடி வந்தன. அவ்வாண்டு ஓகத்தில் மொசாம்பிக்கின் லோறன்சோ மார்க்கஸ் நகரிலும் (இன்றைய மப்புற்றோ), செப்ரெம்பரில் வெனிசிலும் இந்து சமுத்திரமும் மத்தியதரைக் கடலுமே பொருளாயின. 1966இல் பெய்ரூத்தில், கீழைத்தேசத்து வணிகக் கம்பனிகளைப் பற்றிப் பேசினார்கள். போர்த்துக்கேயர் ஏடுகளும் ஒல்லாந்தர் ஏடுகளும் வந்த வணிகனைப் பற்றி மிகுதியாகச் சொல்லும். வரவேற்ற துறையைப் பற்றிச் சொல்ல அத்துறையின் சான்றே வேண்டும்.

அத்தகைய சான்று ஒன்று நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலே இருக்கின்றது. முதலாம் பராக்கிரமபாகு மன்னன் (1153 - 1186) தமிழிலே பொறித்த சாசனம் அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இல் வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறையிலே வந்து தங்க வேண்டும், அவர்கள் காக்கப்பட வேண்டும் என்று அது விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும், மூன்று பங்கு உடையவனுக்கும் உரியன. வணிகச் சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு. படைக்கு வேண்டிய விலங்கைக் கொணர்ந்தவனுக்குச் சலுகை. மற்றவனுக்கும் முழு இழப்பில்லை. மேற்கு ஐரோப்பாவின் ஒலெரோன் கடல்வழக்குகளோடு ஒப்பிட்டுப் படிக்கத்தக்க இச்சட்டம், நம் பிள்ளைகள் படகேறிச் சென்று பார்க்கக்கூடிய கல்லிலே இருக்கின்றது.

கல் காத்திருந்தது. மனிதன் காத்திருப்பானா? இங்கே என் குற்றமொன்றைச் சொல்லியாக வேண்டும். வல்வெட்டித்துறையில் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பல், பெயர் மாற்றம் பெற்று, 1938இல் நம்மவர் செலுத்த அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது என்ற செய்தியைப் பலரும் பெருமையோடு கூறுவர். அத்தகைய கப்பலோட்டத்தின் கடைசித் தலைமுறையைச் சேர்ந்த முதிய தண்டயல் ஒருவர் எங்கள் அயலிலே இருந்தார். ஈயக்குண்டின் அடியிலே கொழுப்புத் தடவிக் கடலில் இறக்கி, அதில் ஒட்டிவரும் மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தே இடம் அறிந்தவர். “மண் சொல்லும் தம்பி, எங்கை நிக்கிறம் எண்டு” என்பார். எந்த மண் எந்த இடம் என்று கேட்டு எழுதவேண்டும் என்று நினைத்தேன். “அடுத்த விடுமுறைக்குக் கொப்பியோடு வாறன் அப்பு” என்று சொல்லிப் படிக்கப் போனேன். அடுத்த விடுமுறைக்கு நான் வந்தேன், அவர் இல்லை. அவர் விரல் அறிந்த கடலின் படம் அவரோடு போயிற்று. டேனிய மன்னனின் ஏட்டை அகராதி வைத்துப் படித்தவன், அடுத்த வீட்டு ஏட்டைத் திறக்காது விட்டேன்.

மொல்லாவின் கூட்டங்களிலே என்னை மிகவும் கவர்ந்தது ‘ஆண்டு தவறாமல்’ என்னும் அந்த ஒழுங்கே. குறித்த நாள் ஒன்று இருந்தால், அதற்கு முன் எழுதி முடிக்க வேண்டும் என்ற கடமை பிறக்கும்; ‘அடுத்த விடுமுறை’ என்ற சொல்லுக்கு இடமிராது. பெரிய மண்டபம் வேண்டியதில்லை. கரையோரப் பாடசாலை ஒன்றில், ஆண்டுக்கு ஒரு நாள், ஆசிரியர் ஒருவரும் மாணவர் சிலரும் கடலோடி முதியவர் ஒருவரை நடுவே இருத்திக் கேட்கட்டும், கேட்டதை எழுதட்டும், மறு ஆண்டு அதனைப் படித்துக்காட்டி, பிழை திருத்தி, மேலே கேட்கட்டும். நாளைக்கு இந்து சமுத்திரத்தைப் பற்றி அறிஞர்கள் எங்கே கூடினாலும், அந்தக் கொப்பியும் அவர்கள் மேசையிலே ஒரு சான்றாக இருக்கும்.