வீணைக்கு ஒரு பிரிமணை

நான் பத்தாவது வரை படித்த சாதாரணக் குடும்பத் தலைவி. வயது 37. ஏழாம் வகுப்புப் படிக்கும்போது அம்மா தன் இரண்டு வளையலை விற்று எனக்கு ஒரு தஞ்சாவூர் வீணை வாங்கிக் கொடுத்தார். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணை வாங்க வசதி இல்லை. இது ஒட்டு வீணைதான். ஆனாலும் நல்ல பலாமரம். கல்யாணம், இரண்டு பிரசவம், மாமனாரின் நீண்ட நாள் நோய் என்று வருஷங்கள் ஓட, அது கட்டிலுக்கு அடியில் பழைய போர்வைக்குள் தூங்கியது.

போன வருஷம் சின்னவனும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் எனக்கு மறுபடி ஆசை வந்தது. மெட்டுகளைத் தாங்கும் மெழுகு உதிர்ந்து போயிருந்தது. சீட்டுப் பணம் எடுத்து, தஞ்சாவூரில் கொடுத்து 24 மெட்டுக்கும் புதிதாக மேளம் கட்டி, தந்திகளையும் மாற்றி வாங்கி வந்தோம். இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு பயம், நடுவில் விட்டுவிடக் கூடாதே என்று.

உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் இடது கால் மரத்துப் போயிற்று! எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு மாதத்தில் இடுப்பு வலியும் சேர்ந்துகொண்டது. வீட்டில் வாயைத் திறக்கவில்லை. கேட்டால், 'தண்ணிக் குடம் தூக்கினேன்' என்று பொய் சொன்னேன். தைலம்தான் தீர்ந்தது.

நானாக என்னென்னவோ செய்து பார்த்தேன். சுவரில் சாய்ந்தேன், வீணை என்னை விட்டு விலகிப் போனது. சோபாவில் உட்கார்ந்தேன், குடத்துக்குத் தரை இல்லாமல் அந்தரத்தில் தொங்க, மெட்டில் ஓட வேண்டிய இடது கை வீணையைத் தாங்கிப் பிடிப்பதிலேயே ஓய்ந்தது. சாப்பிட உட்காரும் மணையைப் போட்டேன். கணுக்கால் எலும்பு வலித்து உயிர் போயிற்று. (அருவாமணையைத்தான் போட்டுப் பார்க்கவில்லை!) கடைசியில் உறவுக்காரர் ஒருவர் தன் பெண்ணுக்கு வீணை வேண்டும் என்று விலை கேட்டபோது, 'கொடுத்துடலாம்' என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அன்று ராத்திரி அம்மாவின் வெறும் கைதான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

மறுநாள் பக்கத்துத் தெருவில் இருக்கும் வீணை டீச்சரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். வயதானவர், ஆனாலும் வீட்டுக்கே வந்தார். "வாசி, பார்க்கலாம்" என்றார். என் விரலைப் பார்க்கவே இல்லை, முட்டியைத்தான் பார்த்தார்.

"முட்டி ரெண்டும் இடுப்பை விட மேல நிக்குதே, தெரியுதா? அப்புறம் முதுகு கூன் போடாம என்ன செய்யும்? பத்து வயசு உடம்பு அப்படி வளையும். ரெண்டு புள்ள பெத்த உடம்பு வளையுமா?"

ஜமக்காளத்தை நான்காக மடித்து, நாலு விரல் உயரம் வரும்படி போடச் சொன்னார். அதன் மேல் முழுசாக ஏறி உட்காரக் கூடாதாம். முன் விளிம்பில் இடுப்பு மட்டும். கால்களும் முட்டிகளும் ஜமக்காளத்தை விட்டு வெளியே, தரையில். அப்படி உட்கார்ந்ததும் முட்டி தானாகக் கீழே இறங்கியது, முதுகு தானாக நிமிர்ந்தது. அவ்வளவுதானா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது.

ஆனால் அடுத்த தொல்லை வந்தது. நான் உயர்ந்துவிட்டேன், வீணை தரையிலேயே இருக்கிறதே! மீட்டும் வலது கை எட்டாமல் தோள் ஒரு பக்கம் சரிந்தது. தொடை சரிவாக இருந்ததால் அதன் மேல் இருந்த சுரைக்காயும் வழுக்கியது. அதற்குத் தொடையில் ஒரு பருத்தித் துண்டு மடித்துப் போட்டதே போதுமானதாக இருந்தது. குடத்துக்கு அடியில் தலையணை வைத்தேன். அது அமுங்கியது, நாதமும் மூட்டைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் அடுப்படியில் அத்தையின் வைக்கோல் பிரிமணை கண்ணில் பட்டது. மெல்லிய துணி சுற்றி அதன் மேல் வைத்தேன். பானை உட்காருவது போலக் குடம் ஆடாமல் உட்கார்ந்தது. நாதமும் கெடவில்லை.

அத்தைக்குத்தான் மனசே ஆறவில்லை. "சரஸ்வதியைக் கொண்டு போய் பானை வைக்கிற பிரிமணையில வைக்கறியே!" என்றார். டீச்சர் சிரித்துக்கொண்டே, "காரைக்குடி சகோதரர்கள்ல அண்ணன் சுப்பராம ஐயர் வீணையை நிமிர்த்திப் பிடிச்சு வாசிப்பாராம். தம்பி சாம்பசிவ ஐயர் நம்மள மாதிரி படுக்கையா வெச்சு வாசிப்பார். ரெண்டு பேரும் ஒண்ணா உட்கார்ந்து கச்சேரி செஞ்சாங்களே, யாரும் தப்புன்னு சொல்லலையே?" என்று கேட்டார். முட்டி மடக்க முடியாத தன் மாணவி ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே குட்டை மேஜையில் கம்பளி விரித்து வீணையை வைத்து வாசிப்பதையும் சொன்னார். அத்தை பதில் பேசவில்லை. அரை மனசுதான்.

இப்போது சாப்பிட்டதும் உட்காருவதில்லை. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து, குக்கரை இறக்கவோ துணி எடுக்கவோ ஒரு நடை நடந்துவிட்டு வருகிறேன். கால் மரத்தால் பல்லைக் கடிப்பதில்லை, நிறுத்திவிடுகிறேன். எழுந்து நடந்த பிறகும் மரமரப்பு விடாத சகோதரிகள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். ஜமக்காளத்தை நம்பி இருக்க வேண்டாம்.

இந்த நவராத்திரிக்குக் கொலு முன்னால் முக்கால் மணி நேரம் வாசித்தேன். சுவரைப் பிடிக்காமல் எழுந்தேன். விருந்தாளிகள் போனதும் அத்தை பிரிமணையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சரி, கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "ஓரத்துல வைக்கோல் பிரியுது பாரு. நாளைக்குச் சந்தையில புதுசா ரெண்டு வாங்கிட்டு வா. ஒண்ணு எனக்கு" என்றார்.

- ஒரு வாசகி, கும்பகோணம்