மொழிக்கு ஒரு கூடு

வெளிநாட்டுப் படிப்பு என்றால் கம்ப்யூட்டர், மருத்துவம், எம்.பி.ஏ. இவைதான் நம் குடும்பங்களில் நினைவுக்கு வரும். நான் நியூசிலாந்து போனது சமூக நீதியையும், அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் வாழ்க்கையையும் படிப்பதற்காக. "இதைப் படிச்சு என்ன பண்ணப் போறே?" என்று டில்லியில் கேட்காத மாமாவும் இல்லை, மாமியும் இல்லை. அவர்களுக்கு என் பதில் இது.

1840-இல் வைத்தாங்கி என்ற இடத்தில் ஆங்கில அரசும் மாவோரித் தலைவர்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். ஆங்கிலப் பிரதி, தலைவர்கள் இறையாண்மையையே விக்டோரியா அரசிக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறது. மாவோரிப் பிரதியோ, நிர்வாகம் செய்யும் உரிமையை மட்டும் கொடுத்து, நிலத்தின் மீதான தலைமையைத் தாங்களே வைத்துக்கொண்டதாகச் சொல்கிறது. பின்னர் போராலும் சட்டத்தாலும் பெரும்பகுதி நிலம் கைமாறியது. இத்தகைய வழக்குகளை விசாரிக்க 1975-இல் தனி நடுவர் மன்றம் அமைந்தது. 1840 முதல் நடந்தவற்றை விசாரிக்கும் அதிகாரம் அதற்கு 1985-இல் கிடைத்தது.

நிலத்தோடு மொழியும் போயிற்று. 1867-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மாவோரிப் பிள்ளைகளின் பள்ளிகளில் ஆங்கிலமே பாடமொழி. தாய்மொழி பேசிய பிள்ளைகள் பலர் அடிவாங்கினர். அவர்கள் பெற்றோரானதும், பிழைப்புக்காக நகரங்களுக்கு வந்து, தம் குழந்தைகளிடம் ஆங்கிலத்திலேயே பேசினர். இதைப் படித்தபோது எனக்கு நம் வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. அம்மா தமிழில் கேட்க, பிள்ளை இந்தியில் பதில் சொல்லும் வீடுகள். நம்மை யாரும் அடிக்கவில்லை என்பதுதான் வேறுபாடு.

1982-இல் வெலிங்டன் அருகே வைனுயோமாத்தாவில் முதல் 'கோஹங்கா ரேயோ' தொடங்கியது. 'மொழிக்கூடு' என்று பொருள். பள்ளிக்குப் போகாத சிறு குழந்தைகளோடு மொழி தெரிந்த பாட்டி தாத்தாக்கள் நாள் முழுதும் மாவோரியிலேயே பேசுவார்கள். சோறூட்டுவது, அதட்டுவது, தூங்க வைப்பது எல்லாம் அம்மொழியில்தான். சில ஆண்டுகளில் இத்தகைய கூடுகள் நூற்றுக்கணக்கில் பெருகின. 1987-இல் மாவோரி ஆட்சிமொழியும் ஆயிற்று. ஆனாலும் 2018 கணக்கெடுப்பின்படி மாவோரிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கே அன்றாடப் பேச்சு வரும். ஒரு தலைமுறை விட்டதை மீட்பது அவ்வளவு கடினம்.

நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பு நடக்கும்போது, பேரன் பேத்திகளை அழைத்து வரும் பெரியவர்கள் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை உள்ளே அழைத்துக் கதை சொல்லச் சொன்னால் என்ன? செலவு ஏதுமில்லை, நாலு நாற்காலி கூடுதலாகப் போட்டால் போதும்.