விடுதி மாணவரும் இன்புளுயென்சா தடுப்பூசியும்

ஐதராபாத் நகரின் கிழக்கிலுள்ள உப்பல் பகுதிக்குக் கல்லூரிப் படிப்பின் பொருட்டு வெளியூர் மாணவர் பலர் வருகின்றனர். ஓர் அறையில் மூவர், நால்வர் உறங்கும் விடுதியில் ஒருவர் இருமினால், நுண்துளிகள் வாயிலாக ஏனையோரையும் இன்புளுயென்சா எளிதில் பற்றுகின்றது. 2009-ஆம் ஆண்டு மே மாதத்தில், புதுவகை எச்1என்1 இந்தியாவில் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது இந்நகரிலேயே. 2015-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தெலங்கானா மீண்டும் அந்நோய்க்கு ஆளாயிற்று.

சென்ற ஆண்டு குத்திக்கொண்ட ஊசி போதாதா என்று மாணவர் ஆசிரியரை வினவுவதுண்டு. போதாது. வைரசின் மேற்பரப்புப் புரதங்கள் சிறிது சிறிதாக உருமாறுகின்றன. உடலில் தோன்றிய எதிர்ப்பொருள்களும் நாளடைவில் குறைகின்றன. இதனாலேயே உலகச் சுகாதார நிறுவனம் ஆண்டுதோறும் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஊசியில் சேர்க்கத்தக்க வைரஸ் வகைகளை அறிவிக்கின்றது.

ஊசி குத்திக்கொள்ளும் காலமே பெரிதும் கவனிக்கத்தக்கது. சென்னையில் இந்நோய் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி மிகும். நாட்டின் பெரும்பகுதியிலோ தென்மேற்குப் பருவமழைக் காலத்திலேயே மிகுந்துவிடும். ஆகவே சென்னையிலிருந்து உப்பலுக்குச் செல்லும் மாணவன் அக்டோபர் வரை காத்திருத்தல் தகாது. ஊசியின் பயன் கிட்ட ஏறத்தாழ இரு வாரங்கள் ஆகுமாதலின், விடுதிக்குப் புறப்படுமுன்னரே, வீட்டிலிருக்கும்போதே அதனை முடித்துக்கொள்ளலாம். ஊசியே காய்ச்சலை உண்டாக்கும் என்னும் அச்சம் ஏனோ இன்னும் நீங்கவில்லை. செயலிழக்கச் செய்த வைரஸ் நோயை உண்டாக்காது; ஓரிரு நாள் கை வலிக்கலாம்.

தீபாவளிக்கு ஊர் திரும்பும் மாணவன் வழியே வீட்டிலுள்ள முதியோரையும் நோய் அடையக்கூடும். அவர்களிடத்தில் அது நிமோனியாவாக முற்றுவதுண்டு.