“குடுங்க பாட்டி, நானே பண்றேன்”

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களிடம் மரியாதை இல்லை என்ற புலம்பல் எல்லாத் தலைமுறையிலும் உண்டு. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பேருந்தில் எழுந்து இடம் கொடுக்கிற, பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பெரியவர்கள் காலில் விழுகிற இளைஞர்கள் இன்றும் ஏராளம். கவனிக்க வேண்டியது வேறொன்று. அதே பேரன், பாட்டி கைபேசியில் கரண்ட் பில் கட்டத் தடுமாறினால், “குடுங்க பாட்டி, நானே பண்றேன்” என்று கையிலிருந்து வாங்கிவிடுகிறான். மருத்துவரின் அறையில் அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்; இளம் மருத்துவர் மகனைப் பார்த்து, “அப்பாவுக்கு ராத்திரி தூக்கம் வருதா?” என்பார், மகனும் பதில் சொல்வான். இதில் அவமரியாதை எங்கேயும் இல்லை. இவர்களால் இனி முடியாது என்ற தீர்மானம் மட்டும் இருக்கிறது. முதுமை பற்றி இளையோருக்கு இருக்கும் எண்ணங்களில், வெளிப்படையான வெறுப்பைவிட அன்பின் உருவத்தில் வரும் இந்தத் தீர்மானமே அதிகம் கெடுக்கிறது என்பேன்.

எப்படிக் கெடுக்கிறது என்பதை ஒரு பழைய சோதனை காட்டுகிறது. ஜெரி ஏவோர்ன், எலன் லாங்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1982இல் வெளியிட்டது அது. முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்தவர்களுக்கு, துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் எளிய புதிர் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைகொடுத்து உதவினார்கள். இன்னொரு பிரிவினருக்கு வாயால் ஊக்கம் சொன்னதோடு சரி. மூன்றாம் பிரிவினரை அவர்கள் போக்கில் விட்டுவிட்டார்கள். சில அமர்வுகளுக்குப் பிறகு தனியாகச் செய்யச் சொன்னபோது, ஊக்கம் மட்டும் பெற்றவர்கள் முன்னைவிடத் தேறியிருந்தார்கள். உதவி பெற்றவர்களோ பின்தங்கிப் போயிருந்தார்கள். ‘இது நம்மால் ஆகாத வேலை போலிருக்கிறது’ என்பதைத்தான் அந்த உதவி அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. கைபேசியைப் பிடுங்கும் பேரனும் தெரியாமல் நடத்துவது இந்தப் பாடத்தைத்தான். அடுத்த மாதம் பாட்டி தானாகவே போனை அவனிடம் நீட்டுவார். “பார்த்தீங்களா, அவங்களுக்கு வரல” என்று அவன் தன் கணிப்பு சரியானதில் திருப்தி அடைவான்.

இதில் இளைஞருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் 1958இல் தொடங்கி, ஒரே ஆட்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்துவரும் ஆய்வு ஒன்று உண்டு. அதில் 18 முதல் 49 வயது வரையிலான 440 பேர் முதியவர்களைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று 1960களின் இறுதியில் பதிவானது. வயதானவர்கள் மறதிக்காரர்கள் என்பது போன்ற வாசகங்களை ஏற்கிறீர்களா என்ற மாதிரியான கேள்விகள். யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி தன் குழுவினரோடு அந்தப் பதிவுகளை எடுத்து, பின்வந்த 38 ஆண்டுகளின் உடல்நிலையோடு ஒப்பிட்டு 2009இல் முடிவை வெளியிட்டார். இளமையில் முதுமையை மட்டமாக நினைத்தவர்களுக்கு, பிற்காலத்தில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அதிகம் வந்திருந்தன. லெவி தரும் விளக்கம் ஏற்கத்தக்கதாகவே இருக்கிறது. பிற சமூகத்தாரைப் பற்றிய தப்பெண்ணம் நம்மைத் தொடாது. முதுமை பற்றியதோ, பிழைத்துக் கிடந்தால், ஒருநாள் நம்மைப் பற்றியதாகிவிடும். காது கேட்காத தாத்தாவை வைத்துச் சினிமாவில் வரும் நகைச்சுவைக்குச் சிரிக்கிற வயதில் அது யாரோ ஒருவரைப் பற்றியது என்பதால், மறுத்துப் பார்க்க நாம் மெனக்கெடுவதில்லை. அறுபதில் அதே எண்ணம் உள்ளே தயாராக உட்கார்ந்திருக்கும். ‘வயசாயிடுச்சு, இனி நடந்து என்ன ஆகப்போகுது’ என்று நினைப்பவர் நடைப்பயிற்சிக்கும் போகமாட்டார், மாத்திரையையும் ஒழுங்காகப் போடமாட்டார்.

நோய்நொடி உள்ளவர்தான் முதுமையை நொந்துகொள்வார், அதனால்தான் சீக்கிரம் போகிறார் என்று இதைத் திருப்பியும் சொல்லலாம். நியாயமான சந்தேகம். ஒஹாயோ மாநிலத்தின் ஒரு சிற்றூரில் 50 வயது தாண்டிய 660 பேரை வைத்து லெவி குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, உடல் இயங்கும் திறன், சமூகப் பொருளாதார நிலை, தனிமை ஆகியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும், முதுமையை நல்லவிதமாக எண்ணியவர்கள் சராசரியாக ஏழரை ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்ததைக் கண்டது. இப்படிப்பட்ட ஆய்வு, காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்லிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மூட்டுவலியும் கண்புரையும் கற்பனை இல்லை. ஓடிபியைக் கேட்டு வாங்கிப் பணத்தைச் சுருட்டும் கும்பலும் கற்பனை இல்லை. ஆனால், முழங்கால் வலிக்கிறவருக்குத் தன் தூக்கத்தைப் பற்றிச் சொல்லத் தெரியாதா? ஏமாறுவதில் இளைஞர்களும் ஒன்றும் குறைந்தவர்கள் அல்லர்.

நம் பண்பாடு நம்மைக் காப்பாற்றும் என்ற வாதத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. மைக்கேல் நார்த், சூசன் ஃபிஸ்க் இருவரும் 23 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் எழுதினார்கள். மூத்தோரைப் போற்றுவதாகப் பெயரெடுத்த கிழக்கு நாடுகளில் முதியோர் பற்றிய எண்ணம் மேற்கைவிட நன்றாக இல்லை. கிழக்காசியாவில் மோசமாகவே இருந்தது. தெற்காசியா அந்த அளவுக்கு இல்லை என்பது ஆறுதல்தான். ஆனால் ஒரு நாட்டில் முதியோர் தொகை எவ்வளவு வேகமாகக் கூடுகிறதோ, அவர்களைப் பற்றிய எண்ணமும் அவ்வளவு கெடுகிறது என்பதையும் அதே தொகுப்பு காட்டியது. 2021க்கான கணிப்பில் கேரளத்தில் 16.5 விழுக்காடு, அதற்கு அடுத்து தமிழ்நாட்டில் 13.6 விழுக்காடு மக்கள் 60 வயதைக் கடந்தவர்கள். ஆகவே அந்த ஆறுதல் நமக்கு ரொம்ப நாள் தாங்காது.

ஒரே வீட்டில் சேர்ந்து இருந்தாலே போதும் என்பதும் சரியல்ல. மூலை நாற்காலியில் பாட்டியைப் பார்த்தே வளர்கிற பிள்ளைக்கு, முதுமை என்றால் மூலை நாற்காலி என்றுதான் பதியும். பயனுள்ள வேலையில் இருக்கும் முதியவர்களையும் அது பார்க்க வேண்டும். பால்டிமோரில் எக்ஸ்பீரியன்ஸ் கோர் என்ற திட்டம், 60 வயதைத் தாண்டியவர்களைப் பயிற்சி கொடுத்துத் தொடக்கப்பள்ளிகளுக்கு அனுப்பியது. வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம், சிறு பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுத்தரும் வேலை. கௌரவத்துக்காக அழைத்துச் சால்வை போர்த்தி அனுப்பும் ஏற்பாடல்ல. பள்ளிக்கு உண்மையிலேயே ஆள் தேவைப்பட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்த, தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் தன்னார்வலர்களை நம்பியே நடந்தது. அப்படிப்பட்ட மாலை வகுப்புகளுக்கு, தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற அஞ்சல்காரரையும் மளிகைக் கணக்கை விரல்நுனியில் வைத்திருக்கும் பாட்டியையும் தேடிப்போய்க் கூப்பிடுவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.