கைத்துப்பாக்கி: உரிமமும் பதிவும்

விலைகொடுத்து வாங்கும் பொருள்களுள் பெரும்பாலானவற்றிற்கு விலைச்சீட்டே உடைமைக்குச் சான்றாக அமைகிறது. கைத்துப்பாக்கியின் நிலை அவ்வாறன்று. அதனை வாங்குவதற்கு முன்னரும், வைத்திருக்கும் நாள் முழுவதும், கைவிடும் பொழுதும் அரசின் அனுமதி தேவைப்படுகிறது. இவ்வுண்மையை உணராமையால், குற்ற நோக்கம் சிறிதும் இல்லாதவர்களும் சட்டத்தின் பிடியில் அகப்பட நேரிடுகிறது.

சட்டத்தின் பின்னணி

ஆங்கில ஆட்சியில் இயற்றப்பட்ட 1878ஆம் ஆண்டுச் சட்டம், இந்தியரிடமிருந்து படைக்கலங்களை அகற்றுவதையே முதன்மை நோக்கமாகக் கொண்டிருந்தது. விடுதலைக்குப்பின் அதன் இடத்தில் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் இயற்றப்பட்டு, 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. போதிய சொத்து இல்லை என்னும் ஒரே காரணத்தால் எவருக்கும் உரிமம் மறுக்கப்படலாகாது என்று இச்சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறுவது, பழைய நோக்கிலிருந்து விலகியதற்கு ஓர் அடையாளம் எனலாம். இன்று இச்சட்டமும், 2016ஆம் ஆண்டு விதிகளும், 2019ஆம் ஆண்டுத் திருத்தமும் சேர்ந்தே நடைமுறையை வரையறுக்கின்றன.

யாருக்கு உரிமம்?

விண்ணப்பதாரர் 21 வயது நிறைந்தவராக இருத்தல் வேண்டும். வன்முறைக் குற்றத்திற்காகவோ ஒழுக்கக்கேடான குற்றத்திற்காகவோ தண்டனை பெற்றவர், தண்டனைக் காலம் முடிந்து ஐந்தாண்டுகள் வரை தகுதியற்றவர் ஆவார். மாவட்டங்களில் மாவட்ட ஆட்சித் தலைவரும், பெருநகரங்களில் காவல்துறை ஆணையரும் உரிமம் வழங்கும் அதிகாரிகள் ஆவர். விண்ணப்பம் வந்ததும் அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் அறிக்கை பெறப்படுகிறது.

இங்கு ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். பயிர்ப் பாதுகாப்பிற்கான வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கும், தற்காப்பிற்கும் விளையாட்டிற்கும் உரிய, 20 அங்குலத்திற்குக் குறையாத குழல் கொண்ட வரியில்லாத் துப்பாக்கிக்கும் சட்டம் ஓரளவு எளிய வழியை வகுத்துள்ளது. எளிதில் மறைத்து எடுத்துச் செல்லத்தக்க கைத்துப்பாக்கிக்கோ, தக்க காரணம் உண்டென அதிகாரி மனநிறைவு அடைந்தாலன்றி உரிமம் வழங்கப்படுவதில்லை. மறுக்கும் அதிகாரி காரணங்களை எழுத்தில் பதிதல் வேண்டும். அம்மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் இடமுண்டு.

மூன்று இணைப்புகள்

பதிவின் சாரம் மூன்றை ஒன்றாகப் பிணைப்பதில் அடங்கியுள்ளது. அவை: உரிமம் பெற்ற ஆள், உரிமத்தின் எண், ஆயுதத்தின் எண். உரிமம் கிடைத்தவர் அதில் குறித்த காலத்திற்குள், உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ சட்டப்படி விற்கத் தகுதியுள்ளவரிடமோ ஆயுதத்தை வாங்க வேண்டும். பின்னர் அதனை அதிகாரியின் பார்வைக்குக் கொணர்ந்து, வகை, குழல் விட்டம், எண் ஆகியவற்றை உரிமத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். இவ்விவரங்கள் தேசியத் தரவுத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, உரிமதாரருக்குத் தனி அடையாள எண் வழங்கப்படுகிறது; அவ்வெண் இல்லாத உரிமம் செல்லத்தக்கதன்று. அடையாள எண் அழிக்கப்பட்ட துப்பாக்கியை வாங்குவதும் விற்பதும் குற்றமாகும். குற்றச் சம்பவம் நிகழ்ந்த இடத்தில் கிடைக்கும் ஒரு துப்பாக்கி யாருடையது என்பதை ஆராய இவ்விணைப்பே அடிப்படையாகும்.

எந்த ஆயுதமும் இப்பதிவிற்கு உரியதாகிவிடாது. தானியங்கித் துப்பாக்கிகளும், 9 மில்லிமீட்டர் போன்ற படைத்துறை அளவுகளும் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை. ஆகவேதான் கான்பூர் படைக்கலத் தொழிற்சாலையின் .32 அளவுச் சுழல்துப்பாக்கி பொதுமக்களிடையே பரவலாக வழங்கி வருகிறது.

உடைமையாளரின் கடமைகள்

1983ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவருக்கு மூன்று துப்பாக்கிகள் என வரம்பு விதித்தது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை இரண்டாகக் குறைத்தது. அதே திருத்தம் உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது. காலம் முடியுமுன் புதுப்பிக்கத் தவறினால், அதுவரை முறையாக வைத்திருந்த ஆயுதமும் உரிமமற்ற ஆயுதமாகிவிடும். உரிமமின்றி வைத்திருத்தலுக்கு இரண்டு முதல் ஐந்தாண்டுகள் வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. திருமண ஊர்வலம் முதலிய விழாக்களில் பிறருக்கு ஆபத்து விளையுமாறு சுடுவதற்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். விற்க விரும்புவோர் ஆட்சித் தலைவருக்கோ காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்து மூலம் தெரிவித்து, 45 நாள்கள் கழிந்த பின்னரே விற்கலாம்.

பெரிதும் கவனத்திற்குரியது மரபுரிமை. தந்தை காலமான பின் பெட்டிக்குள் ஒரு சுழல்துப்பாக்கி கிடக்கிறது என்று கொள்வோம். வீடும் நிலமும் வாரிசுகளைச் சேர்வது போல அத்துப்பாக்கியின் உரிமம் அவர்களைச் சேர்வதில்லை. அது இறந்தவரோடு முடிந்துவிட்டது. காலந்தாழ்த்தாது அதனைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்குமாறு 21ஆம் பிரிவு பணிக்கிறது. ஒப்படைத்தவர் குறித்த காலத்திற்குள் தம் பெயரில் உரிமம் பெற்று அதனைத் திரும்பப் பெறலாம். அல்லது தகுதியுடைய ஒருவருக்கு விற்றுவிடலாம். இரண்டும் செய்யாவிடின் அது அரசுடைமையாக்கப்படும். நினைவுப்பொருள் என்று எண்ணி வீட்டிலேயே வைத்துக்கொள்வது, துயருற்ற குடும்பத்திற்கு ஒரு குற்ற வழக்கையும் சேர்த்துத் தரக்கூடும்.

குடிமகனின் தற்காப்புத் தேவையும் சமுதாயத்தின் பாதுகாப்பும் ஒன்றையொன்று கெடுக்காமல் நிற்க வேண்டும் என்பதே இவ்விதிகளின் குறிக்கோள். படைக்கலம் வைத்திருப்பது சட்டம் வழங்கும் அனுமதியேயன்றி அடிப்படை உரிமையன்று. அலுவலகங்கள் விண்ணப்பங்களை விரைந்து முடிப்பதும், புதுப்பிக்கும் நாளையும் ஒப்படைக்கும் முறையையும் உரிமதாரர்கள் தம் குடும்பத்தாருக்கும் எடுத்துரைப்பதும் இக்குறிக்கோள் நிறைவேறத் துணை செய்யும்.