வெறுங்கால் மட்டுமா வென்றது?

1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் நடந்த ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கால்பந்து இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்டை மோகன் பகான் கிளப் 2-1 என்று வென்றது. பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களை வெறுங்கால் வங்காளிகள் மண்ணைக் கவ்வ வைத்தார்கள் என்றே இதைச் சொல்லிவருகிறோம். சொல்வது பொய்யில்லை, ஆனால் பாதிதான். அந்த வெற்றியை விளைவித்ததில் பெரும்பங்கு கல்லூரி மைதானங்களுக்கு உண்டு.

1880களிலேயே பிரசிடென்சி கல்லூரி மாணவர்கள் கால்பந்து ஆடினார்கள். பையன்கள் கற்ற ஆட்டம் கிளப்புகளுக்குப் பரவியது. 1892இல் சோவாபஜார் கிளப் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் ஒரு பட்டாளத்து டீமைத் தோற்கடித்தது. 1906 முதல் மூன்று ஆண்டு தொடர்ந்து அந்தக் கோப்பை மோகன் பகானிடம் இருந்தது. 1911இல் அதன் முதல் எதிரியே ஒரு கல்லூரி டீம்தான்: செயின்ட் சேவியர்ஸ், 3-0. மோகன் பகானில் பூட்ஸ் அணிந்த ஒரே ஆட்டக்காரர் சுதீர் சாட்டர்ஜி, கல்லூரி ஆசிரியர். இறுதியாட்டத்தில் ஜாக்சனின் ஃப்ரீ கிக்கால் பட்டாளம் முந்தியது. கேப்டன் சிப்தாஸ் பாதுரி சமன் செய்தார். முடியும் தறுவாயில் வெற்றி கோலைப் போட்ட அபிலாஷ் கோஷ் ஒரு கல்லூரி மாணவர். பின்னால் நின்றவர்களுக்கு ஆட்டம் தெரியாததால், கோல் கணக்கை எழுதிக் காற்றாடி பறக்கவிட்டார்களாம்.

அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது. ஆறு ஆட்டங்களில் 12 கோல் போட்டு மூன்றே வாங்கிய டீம் அது. எல்லோரும் மாணவர்களா என்றால், இல்லை, உத்தியோகஸ்தர்களும் இருந்தார்கள். ஆனால் படித்த வாலிபர்களிடையே ஆட்டம் ஊன்றியிராவிட்டால் கிளப்புக்கு ஆள் கிடைத்திருக்காது. மைதானம்தான் காரணமென்றால் அடுத்த ஷீல்டுக்கு மோகன் பகான் 1947 வரை காத்திருந்தது ஏன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மைதானம் ஆளைத் தரும், கோப்பைக்கு உத்தரவாதம் தராது, வசதியும் வேண்டும். ஈரத் தரையில் பூட்ஸ் போட்டு ஆடப் பழகிய முகமதன் ஸ்போர்ட்டிங் 1936இல் ஷீல்டை வென்றது. வெறுங்காலை வரம்போலப் பாடுவது இதனால்தான் சரியில்லை.

இந்தக் கதை நம் ஊர்ப்பக்கத்துக்கும் ஒரு பாடம். அந்த நாளில் பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி ஜில்லாவைச் சேர்ந்தவை. கல்லூரிப் படிப்பு என்றால் திருச்சிக்கோ கும்பகோணத்துக்கோதான் போகவேண்டும். இன்று இரண்டும் தனி மாவட்டங்கள். உள்ளூரிலேயே கல்லூரிகள் இருக்கின்றன. விளையாட்டால் படிப்பு கெடும் என்று பெற்றோர் அஞ்சுவது புரிகிறது. ஆனால் மாலையில் ஒரு மணி நேரப் பயிற்சியும், ஆண்டுதோறும் தேதி தவறாமல் நடக்கும் கல்லூரிப் போட்டியும் பாடத்தைத் தின்றுவிடாது. ஒருநாள் விளையாட்டு விழாவுக்குப் பந்தல் போடும் பணத்தில் பூட்ஸும் பந்தும் வாங்கலாம். பத்து சீசன் விடாமல் ஆடவிட்டு, பிறகு இந்த மண்ணில் திறமை உண்டா என்று கேட்பதே முறை.